இருப்பும் பதிவும்

ஒரு பொருள் இருப்பது வேறு. அது இன்னதென்றும், இன்னாருடையதென்றும், இன்ன இடத்திலுள்ளதென்றும் பதியப்பட்டிருப்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருதலால் இவற்றிடையேயுள்ள வேறுபாடு அன்றாட வாழ்விலே எவர் கண்ணிலும் படுவதில்லை. ஒன்று அழிந்து மற்றையது எஞ்சும்போதே அது புலனாகின்றது. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் நெல்லியடியிலுள்ள கட்டடப் பொருள் விற்பனை நிலையம் ஒன்றுக்கு நேர்ந்த இடர் இதற்குத் தக்க சான்றாகும். செய்தித்தாளில் இடம்பெறத்தக்க பெருநிகழ்ச்சி அதுவன்று. எனினும் கணினியை நம்பிக் கணக்கு வைத்திருப்போர், அதாவது இன்று ஏறத்தாழ எல்லோரும், அறிந்திருக்கவேண்டிய ஒன்று அதிலே அடங்கியுள்ளது.

யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியிலே சந்தியையும் சந்தையையும் சூழ வளர்ந்த பட்டினம் நெல்லியடி. கரவெட்டி, கரணவாய், துன்னாலை, இமையாணன், உடுப்பிட்டி முதலிய அயற்கிராமங்களில் வீடு கட்டுவோர் சீமெந்துக்கும் கம்பிக்கும் ஓட்டுக்கும் இங்கு வருவர். அவ்வாறு வருவோரிற் பெரும்பாலார் முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுப்பவரல்லர். அத்திவாரத்துக்கு எடுத்த சீமெந்தின் காசு, வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் பணம் வந்துசேர்ந்த பின்னரே கொடுக்கப்படும். மேசன்மார் தத்தம் பெயரிற் பொருளை எடுத்து, வேலை கொடுத்தவரிடம் பெற்று, மாத முடிவிலே தீர்ப்பர். ஆகவே இத்தகைய கடையொன்றின் உண்மையான முதல் அதன் களஞ்சியத்திலன்று, கடன் கொப்பியிலேயே இருக்கின்றது எனலாம். அக்கொப்பி தொலைந்தால் கடை தொலைந்ததற்குச் சமம்.

இக்கடையிலே கொப்பி கணினிக்கு மாறியது 2016ஆம் ஆண்டில். ஊரிலே கணினி பயின்ற ஓர் இளைஞர் அதற்கான மென்பொருளை எழுதிக் கொடுத்தார். பின்னர் அவர் கனடா சென்றுவிட்டார். அம்மென்பொருள் 'சாம்ப்' என்னும் இலவசத் தொகுப்பின்மீது இயங்கியது. மரியாடிபி என்னும் தரவுத்தளத்தையும் அதனோடு வேண்டிய பிறவற்றையும் ஒருசேர நிறுவித் தருவது அத்தொகுப்பு. பயிலுவோர் தம் கணினியில் வைத்துப் பழகுதற்கென உருவாக்கப்பட்டது அது. வாணிபத்தின் முழுக் கணக்கையும் தாங்குதற்கென அன்று. எனினும் செலவின்றிக் கிடைப்பதும் எளிதில் நிறுவப்படுவதுமாகிய பொருளை யார் விடுவர்? சிறு கடைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் அது பல்லாண்டுகளாகக் கணக்கெழுதி வந்துள்ளது.

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்கலம் பலமுறை வடிந்து வலுவிழந்திருந்தது. ஒருநாள் மாலை, சிட்டையொன்று பதியப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலே கணினி அணைந்தது. மறுநாள் மின்சாரம் வந்தபோது தரவுத்தளம் எழும்ப மறுத்தது. முதலாளியின் உறவினரான மாணவர் ஒருவர், எவரும் செய்யக்கூடியதையே செய்தார். கடையின் பெயரிலிருந்த கோப்புறையைப் பத்திரமாக வேறிடத்திற் படியெடுத்து வைத்துவிட்டு, பழைய தொகுப்பை நீக்கிப் புதியதை நிறுவி, படியெடுத்த கோப்புறையை உரிய இடத்தில் மீள வைத்தார். தரவுத்தளம் இயங்கியது. 31 அட்டவணைகளின் பெயர்களும் திரையில் தோன்றின. அவற்றுள் ஒன்றைத் திறக்க முயன்றபோதோ, 1932 என்னும் எண்ணுடன் ஒரு பிழைச்செய்தி வந்தது: இயந்திரத்திலே இவ்வட்டவணை இல்லை என்று. மற்றொன்று; அதுவும் அவ்வாறே. முப்பத்தொன்றும் அவ்வாறே.

கணினி திருத்தும் தொழில் செய்யும் ஓர் இளைஞர் அழைக்கப்பட்டார். முதலாளி அவரிடம் முதலிற் கூறியது இது: "தம்பி, சாமான் எல்லாம் கிடக்கு. கணக்குத்தான் காணேல்லை."

கோப்புறையைத் திறந்து கோப்புகளின் அளவுகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் மறுமொழி கூறினார்: "கணக்கும் கிடக்குது ஐயா. அது எங்கை கிடக்கெண்டுதான் இதுக்குத் தெரியேல்லை."

இம்மறுமொழியின் பொருளை வடமராட்சியார்க்கு விளக்குவது கடினமன்று. காணியும் உறுதியும் பற்றி அவர்கள் பட்டறிந்தவர்கள். 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியிலே இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது உடுத்த உடையோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தவர்களுட் பலர்க்குக் காணி இருந்தது, உறுதி இருக்கவில்லை. மண் எங்கும் போய்விடவில்லை. வேலிக் கதியாலும் எல்லைப் பனையும் நின்றன. ஆயினும் அம்மண்ணை விற்கவோ, மகளுக்குச் சீதனமாக எழுதவோ, அதன்மீது கடன்பெறவோ இயலாது. ஏனெனில், யாழ்ப்பாணத்துக் காணி என்பது வெறும் நிலமன்று. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலிருந்து வழிவழி வந்த ஒரு பெயரும், நான்கு எல்லைகளின் விவரமும், பரப்புக் கணக்கும் சேர்ந்ததே காணி. பரப்பு என்னும் அளவையே எடுத்துக்கொள்ளலாம். வரகுப் பரப்பாயின் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர், நெற்பரப்பாயின் 24. 'இரண்டு பரப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் அத்தொகை எதனையும் குறிக்காது. எவ்வகைப் பரப்பு என்னும் குறிப்பு உடனிருந்தாலன்றி எண் ஊமையாகிவிடும். கணினி நூலார் 'மீதரவு' என வழங்குவது இத்தகைய குறிப்பையே. தரவைப் பற்றிய தரவு அது.

இனி அந்தக் கணினியிலே நிகழ்ந்ததை நோக்குவோம். மரியாடிபியின் வழக்கமான அமைப்பிலே ஒவ்வோர் அட்டவணைக்கும் இரண்டு கோப்புகள் உள்ளன. 'எஃப்ஆர்எம்' என முடியும் சிறிய கோப்பு அட்டவணையின் கட்டமைப்பைக் கூறும்: எத்தனை நிரல்கள், அவற்றின் பெயர் யாது, எண்ணா எழுத்தா என்பன. 'ஐபிடி' என முடியும் பெரிய கோப்பிலே தரவுகள் தாம் உள்ளன. 16 கிலோபைற்றுப் பக்கங்களாகப் பகுக்கப்பட்டுப் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டும் கடையின் பெயர்கொண்ட கோப்புறைக்குள் இருந்தமையால் தப்பின. மூன்றாவது ஒன்று உண்டு. அது கோப்புறைக்கு வெளியே, 'ஐபிடேற்றா1' என்னும் பெயரில், யாருக்கும் உரியதல்லாததுபோற் கிடப்பது. தரவு அகராதி அதிலேதான் உள்ளது. இன்ன அட்டவணை இன்ன எண்ணுள்ள ஐபிடி கோப்பில் உள்ளது என்று முழுத் தரவுத்தளத்துக்குமாகச் சொல்வது அதுவே. ஒரு வகையில் அதுவே தோம்பு. பழைய தொகுப்பு நீக்கப்பட்டபோது அது அழிந்தது. புதிய தொகுப்புத் தனக்கெனப் புதிய ஐபிடேற்றா1 ஒன்றை வெறுமையாகப் படைத்துக்கொண்டது. அவ்வெறுந்தோம்பிலே கடையின் காணி ஒன்றேனும் பதியப்பட்டிருக்கவில்லை.

பழைய பக்கங்களை அப்படியே புதிய முறைமையிற் சேர்த்துவிடவும் இயலாது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அது எவ்வெண்ணுள்ள கோப்பைச் சார்ந்தது என்பதும், குறிப்பேட்டின் எவ்விடத்துக்கு நேராக இறுதியில் எழுதப்பட்டது என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. புதிய தரவுத்தளத்தின் குறிப்பேடு அப்போதுதான் தொடங்கியது. பழைய பக்கங்களோ ஆறாண்டுக் கணக்கைக் கொண்டவை. எனவே அவை புதிய முறைமையின் கண்ணுக்கு எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தோன்றும். பிழைச்செய்தியும் அவ்வாறே கூறும்: இப்பக்கத்தின் வரிசையெண் எதிர்காலத்தில் உள்ளது என்று. கணினிப் பிழைச்செய்திகள் பெரும்பாலும் சுவையற்றவை, இது விதிவிலக்கு.

இவற்றையெல்லாம் மீட்கும் வழி உண்டு. இளைஞர் முதலிற் செய்தது, எஞ்சிய கோப்புகளை இரு இடங்களிற் படியெடுத்து, மூலத்தைத் தொடாது ஒதுக்கிவைத்தமையே. தரவு மீட்பிலே அறிவைவிடப் பொறுமையே பெரிது. அவசரத்தில் இன்னொருமுறை நிறுவிப் பார்ப்போமென்று தொடங்குபவர்கள் எஞ்சியதையும் இழப்பர். அடுத்து, எஃப்ஆர்எம் கோப்புகளை வாசிக்கும் கருவியொன்றின் துணைகொண்டு 31 அட்டவணைகளின் கட்டமைப்பையும் வெளிக்கொணர்ந்து, அதே கட்டமைப்பில் 31 வெற்று அட்டவணைகளைப் புதிதாக ஆக்கினார். இவ்வாறு ஆக்கும்போது புதிய அகராதியிலே அவற்றுக்குப் பதிவு உண்டாகிவிடுகின்றது. பின்னர், 'டிஸ்காட்' என்னும் கட்டளையால் ஒவ்வொரு வெற்று அட்டவணையிலிருந்தும் அதன் வெற்றுக் கோப்பைக் கழற்றி, அவ்விடத்திலே பழைய ஐபிடி கோப்பை வைத்து, 'இம்போட்' என்னும் கட்டளையால் உள்ளே ஏற்கச் செய்தல் வேண்டும். ஏற்கும்போது தரவுத்தளம் பக்கந்தோறும் சென்று பழைய கோப்பெண்ணையும் வரிசையெண்ணையும் அழித்துப் புதியவற்றை எழுதும். உடையவர் உறுதி இழந்தபோது, கிடைக்கும் விவரங்களைக்கொண்டு மீண்டும் பதிவுசெய்து, பழைய மண்ணைப் புதிய எண்ணின்கீழ்க் கொண்டுவருவதை ஒத்தது இது.

முதல் அட்டவணையே ஏற்கப்படவில்லை. கட்டமைப்புப் பொருந்தவில்லை என்று மறுக்கப்பட்டது. மின்சாரம் இருந்த சில மணி நேரத்துள் இரண்டு நாள்கள் இதன் காரணத்தைத் தேடுவதிற் கழிந்தன. 2016இல் இவ்வட்டவணைகள் ஆக்கப்பட்ட காலத்திலே மரியாடிபி தரவு வரிகளை அடுக்கிய முறை ஒன்று. புதிய பதிப்பு தானாகத் தெரிந்தெடுக்கும் முறை வேறொன்று. பழையது 'கொம்பக்ற்', புதியது 'டைனமிக்'. நிரல்களும் பெயர்களும் அளவுகளும் முற்றும் ஒத்திருந்தும், அடுக்குமுறை பற்றிய ஒரு சொல் வேறுபட்டமையால் ஆறாண்டுக் கணக்கு வாசலிலே நின்றது. வரகுப் பரப்பும் நெற்பரப்பும் பற்றிய வேறுபாடு போன்றதே இதுவும். பழைய முறையை வெளிப்படையாகக் குறிப்பிட்டு அட்டவணைகளை மீண்டும் ஆக்கியபின் ஒன்றன்பின் ஒன்றாக முப்பது உள்ளே வந்தன.

வந்தவற்றைத் திறந்து பார்த்தபோது வாடிக்கையாளர் பெயர் நிரலிலே எவர் பெயரும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பை மட்டும் இருந்தது. முதலாளி மனமுடைந்தார். இளைஞரோ சிரித்துவிட்டார். பாமினி எழுத்துருவிற் பழகியவர்க்கு அதன் காரணம் உடனே விளங்கும். யாழ்ப்பாணத்து அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் தமிழ் தட்டச்சிட்டது பாமினியிலேதான். அதிலே 'அம்மா' என்னும் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே சேமிக்கப்படுகின்றது. அவ்வெழுத்துருவை மேலே போர்த்தினால் தமிழ், போர்க்காவிடின் குப்பை. இந்நிரல் பாமினியில் உள்ளது என்னும் செய்தி தரவுத்தளத்தின் எந்தக் கோப்பிலும் பதியப்பட்டிருக்கவில்லை. அதை அறிந்திருந்தவை எழுதியவரின் மென்பொருளும் தட்டச்சிட்டவரின் விரல்களுந்தாம். யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டபோது பெயர்கள் வந்தன.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மீதரவு ஓரிடத்தில் ஒரே அடுக்காக இருப்பதில்லை. அகராதியில் ஒரு பகுதி, எஃப்ஆர்எம் கோப்பில் ஒரு பகுதி, மென்பொருளில் ஒரு பகுதி, எழுத்துருவில் ஒரு பகுதி, எஞ்சியது மனித நினைவில். கடைசியிற் கூறியதே மிக எளிதில் அழிவது. அதற்குக் காப்புப்பிரதி எடுப்பாரும் இல்லை. கடன் அட்டவணையிலே 'நிலை' என்றொரு நிரல் இருந்தது. அதில் 1, 2, 3, 4 என்னும் எண்கள். 1 தீர்ந்த கடன், 2 நிலுவை என்பதை முதலாளி அறிவார். மூன்றும் நான்கும் எவையென்று அவருக்கும் நினைவில்லை. கனடாவிலிருந்த மென்பொருள் ஆசிரியருக்கு இரவிலே தொலைபேசியிற் பேசப்பட்டது. 3 என்பது வேறொருவர் பொறுப்பேற்ற கடன் என்றார் அவர். நான்கைப் பற்றிக் கேட்டபோது, சற்று யோசித்து, அது முதலாளியே சொல்லிச் சேர்ப்பித்தது என்றார்: 'கேட்கவேண்டாம்'. கடன் வாங்கியவர் இறந்தோ, பிள்ளையை இழந்தோ, வேலையிழந்தோ போன வீடுகள் அவை. நினைவூட்டற் சிட்டை அச்சிடும்போது அப்பெயர்களை விட்டுவிடவேண்டுமென்று ஆறாண்டுகளுக்கு முன்னர் அவர் பணித்திருந்தார். பதினொரு பெயர்கள் இருந்தன. பொருள் தெரியாத எண் என்று அவற்றையும் நிலுவையோடு சேர்த்திருப்பின், அந்நெருக்கடிக் காலத்திலே அப்பதினொரு வீடுகளுக்கும் கடைப் பையன் கணக்கோடு சென்றிருப்பான்.

தரவுத்தளங்களை ஆக்குவோர் இக்குறையை உணராதவரல்லர். மைஎஸ்கியூஎல் தன் 8.0ஆம் பதிப்பிலே, 2018ஆம் ஆண்டில், எஃப்ஆர்எம் கோப்பை ஒழித்து, அட்டவணையின் கட்டமைப்பு விவரத்தை ஐபிடி கோப்பின் உள்ளேயே ஒரு படியாகப் பொதிந்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அகராதி அழிந்தாலும் கோப்பைத் திறந்து அது தன்னை இன்னதென்று சொல்வதைக் கேட்கலாம். இது நல்ல முறை. எனினும் இதைவிடப் பழையதும் எளியதுமான முறை, தரவுத்தளம் முழுவதையும் எழுத்து வடிவிற் கொட்டி வைப்பதே. அட்டவணையை ஆக்கும் கட்டளையும் அதனுள் இடவேண்டிய தரவும் ஒரே எழுத்துக் கோப்பில், கண்ணால் வாசிக்கத்தக்கவாறு இருக்கும். எந்த அகராதியையும் அது சாராது. ஐபிடி கோப்புகளைப் படியெடுத்தலே காப்புப்பிரதி என எண்ணுதல், நிலத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு உறுதி உண்டென்று இருப்பதற்கு ஒப்பாகும்.

காணிச் சட்டம் இதனைக் கணினிக்கு நெடுங்காலம் முன்னரே ஏற்பாடு செய்திருந்தது. இலங்கையில் நொத்தாரிசு ஒருவர் உறுதி முடிக்கும்போது மூன்று படிகள் உண்டாகின்றன. ஒன்று உடையவரிடம் செல்லும். ஒன்று காணிப் பதிவகத்துக்குச் செல்லும். ஒன்று நொத்தாரிசின் வைப்பிலே இருக்கும். மூன்றிலும் எல்லைகளின் விவரம் முழுமையாக எழுதப்படும். ஒன்று மற்றொன்றைப் பார்க்கச் சொல்லாது. 1987இன் பின்னரும் அதனையடுத்த இடப்பெயர்வுகளின் பின்னரும் உறுதி இழந்தோர் தம் உரிமையை மீண்டும் நிலைநாட்ட நாடியவை எஞ்சிய இப்படிகளையே.

படிகள் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார்க்கு உதாரணம் கூறவேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய தீயிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடத்தை மீளக் கட்டலாம், கட்டினார்கள். ஆனால் ஒரு படி மட்டுமே இருந்த சுவடியை எந்தக் கட்டடமும் திருப்பித் தராது. 2005இல் நூலகம் எண்ணிம நூலகம் தோன்றியபோது அதன் தொண்டர்கள் நூல்களை மின்வருடி ஏற்றியதோடு அமையாது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், ஆசிரியர், பதிப்பாண்டு, பதிப்பகம் முதலிய விவரங்களைக் கொண்ட ஒரு பக்கமும் வகுத்தனர். இந்த விவரப் பக்கமே வருடிய படங்களைத் தேடிக் கண்டெடுக்கத்தக்க நூல்களாக்குவது. அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை முறைமை தாக்கப்பட்டபோது, அதனோடு இணைந்திருந்த காப்புப்பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் இதற்குட்பட்டன. கடையின் ஒரேயொரு கணினிக்கு நேர்ந்ததும் அளவிற் சிறிதேயன்றி வகையில் அதிகம் வேறன்று.

முப்பது அட்டவணைகள் வந்தன என்று மேலே கூறப்பட்டது. முப்பத்தோராவது, சிட்டைத் தலைப்புகளின் அட்டவணை: எந்நாளில், எவருக்கு, எத்தொகைக்கு என்பது. மின்சாரம் நின்ற கணத்திலே எழுதப்பட்டுக்கொண்டிருந்த பக்கம் அதனுடையது. பாதி புதியதும் பாதி பழையதுமாய் அது முறிந்திருந்தது. இத்தகைய முறிவுக்கு எதிராகத் தரவுத்தளம் ஒவ்வொரு பக்கத்தையும் உரிய இடத்தில் எழுதுமுன் வேறிடத்தில் ஒருமுறை எழுதிவைப்பதுண்டு. அந்த வேறிடம் ஐபிடேற்றா1 கோப்புக்குள்ளேயே இருந்தமையால் அதுவும் போயிற்று. சரிபார்ப்பு எண் பொருந்தாத பக்கத்தை இம்போட் கட்டளை ஏற்காது. எனவே அவ்வட்டவணையை முழுமையாக உள்ளே கொணரும் எண்ணத்தைக் கைவிட்டு, ஐபிடி கோப்பைப் பக்கம் பக்கமாக வாசித்து, நல்ல பக்கங்களின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய அட்டவணையில் இட்டார் இளைஞர். முறிந்த பக்கத்திலிருந்த சிட்டைகள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை. மார்ச் மாதத்தின் கடைசி நாள்களுக்குரியவை.

எந்தப் பொருள் எத்தனை வெளியே சென்றது என்பது வேறோர் அட்டவணையிலே பழுதின்றி இருந்தது. யாருக்குச் சென்றது என்பதுதான் இல்லை. உழவு இயந்திரத்திற் பொருள் ஏற்றும்போது சாரதியிடம் கொடுக்கும் கைச்சிட்டைக்குக் கார்பன் படி வைக்கும் பழைய வழக்கத்தை அக்கடை விட்டுவிடவில்லை. அப்புத்தகத்தைக்கொண்டு பெரும்பாலான பெயர்கள் மீட்கப்பட்டன. கடைக்கே வந்து கையோடு எடுத்துச் சென்றவர்களுக்குக் கைச்சிட்டை இல்லை. அவர்களுள்ளும் பலர் பணம் கட்ட வந்தபோது தாமே சொன்னார்கள். அவ்வாண்டுக் கணக்கு முடிக்கப்பட்டபோது மூன்று சிட்டைகள் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று 12 பைக்கற் சீமெந்து. மற்றொன்று அரை அங்குலக் கம்பி. மூன்றாவது இரண்டு கதவுப் பிணைச்சல்களும் ஒரு பூட்டும். பெயர் நிரலை வெறுமையாக விட மென்பொருள் இடந்தரவில்லை. 'பெயர் அறியாதவர்' என்றொரு வாடிக்கையாளரை முதலாளி புதிதாகப் பதிந்து, மூன்றையும் அவர் பெயரில் எழுதி, நிலை நிரலிலே 4 என்று இடுவித்தார்.